எறும்புக் கூட்டுக்குள் எறும்பல்லாத ஒன்று ஓடுகிறது, என்ன பூச்சி இது?

பனசங்கரி மீனா:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு பனசங்கரியில் வீடு, மொட்டை மாடியில் கொஞ்சம் தொட்டிச் செடிகள். நேற்று கறிவேப்பிலைத் தொட்டியை வெயிலுக்கு நகர்த்தினேன். அடியில் பெரிய எறும்புக் குடியிருப்பு. மஞ்சள் நிறம், ஒல்லி உடம்பு, நீள நீளமான கால்கள், நிற்காமல் ஓடும் வகை. வெளிச்சம் பட்டதும் வெள்ளைப் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் கவ்விக்கொண்டு ஓட ஆரம்பித்தன.

அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இன்னொரு ஜீவன். எறும்பு இல்லை. 3 மி.மீ. இருக்கும். பழுப்பு நிறம், முட்டை வடிவம், இறக்கை கிடையாது, முதுகு கூன் விழுந்த மாதிரி. பின்னங்கால் தொடை மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத தடிமன். எறும்பு ஒன்று தன் பக்கம் திரும்பினால் குறுக்கே வெட்டி விலகிவிடுகிறது. அதே எறும்பு நின்றவுடன் பின்பக்கமாக வந்து அதன் காலை வாயால் வருடுகிறது. எறும்பு சும்மா நிற்கிறது.

பக்கத்துத் தொட்டியின் கறுப்பு எறும்பு தவறி இவற்றின் நடுவே விழுந்தால் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்துக் கொன்றுவிடும். இதே மாடியில் பார்த்திருக்கிறேன். இந்தப் பூச்சியை மட்டும் ஏன் விட்டுவைக்கின்றன?

இன்னொரு கேள்வி. எங்கள் அசோசியேஷனில் வரும் வாரம் மாடி முழுக்க எறும்பு மருந்து அடிக்கப்போகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறேன். என்ன காரணம் சொல்வது?

ஹெப்பால் குமரன்:

மீனா மேடம், தடித்த தொடையும் இறக்கை இல்லாததும் போதும், அது எறும்புச் சில்வண்டு. மிர்மெகோஃபிலஸ் என்ற பேரினம். சில்வண்டுக் குடும்பம்தான், ஆனால் இறக்கை இல்லாததால் சத்தம் போடாது. வாழ்வதெல்லாம் எறும்புக் கூட்டுக்குள். உங்கள் எறும்பு, நீங்கள் சொல்லும் அடையாளத்தில், மஞ்சள் பைத்தியக்கார எறும்பு.

ஏன் விட்டுவைக்கின்றன என்பதுதான் பெரிய விஷயம், கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். எல்லாப் பூச்சிகளின் உடம்பு மேலும் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. உடம்பின் ஈரம் காய்ந்துபோகாமல் காப்பது அதன் அடிப்படை வேலை. அந்த மெழுகில் பல வகை ஹைட்ரோகார்பன்கள் கலந்திருக்கும். எது எவ்வளவு என்ற விகிதம் இனத்துக்கு இனம் வேறு. ஒரே இனத்திலும் கூட்டுக்குக் கூடு வேறு. எறும்பு எதிரே வருபவரை உணர்கொம்பால் தட்டிப் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான். தன் கூட்டு வாசனை என்றால் வழி விடும். இல்லையென்றால் உங்கள் கறுப்பு எறும்பின் கதிதான்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த வாசனை ஒவ்வோர் எறும்பும் தனித்தனியாக வைத்திருக்கும் சொத்து இல்லை. ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்கின்றன, வாயோடு வாய் உணவு மாற்றிக்கொள்கின்றன. தொண்டைக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது; எல்லோருடைய மெழுகும் அங்கே கலந்து திரும்ப எல்லோர் மேலும் போகிறது. கூட்டு வாசனை என்பது இந்தச் சுற்றோட்டத்தில் உண்டாகும் பொது வாசனை. அதற்குள் ஒரு காலை வைத்துவிட்டால் வேற்று ஆளுக்கும் அந்த வாசனை கிடைத்துவிடும்.

உங்கள் சில்வண்டு எறும்பின் காலை வருடியது அதனால்தான். மெழுகை நக்கித் தின்னவும் செய்கிறது, உடம்பில் ஏற்றிக்கொள்ளவும் செய்கிறது. எறும்பிடமிருந்து பிரித்துத் தனியாக அடைத்து வைத்தால் அந்த வாசனை மெல்ல மெல்லப் போய்விடும். அதனால் தினமும் வேலை செய்தால்தான் தினமும் பிழைக்கும்.

அல்சூர் செல்வராஜ்:

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதைதான் போலிருக்கிறது. பாவம், உழைப்பது ஒருவர், உட்கார்ந்து தின்பது இன்னொருவர்.

ஹெப்பால் குமரன்:

செல்வராஜ் சார், பாம்புக்கு இவ்வளவு கஷ்டம் கிடையாது. அது போய்ச் சேர்வது பெரும்பாலும் கரையான் காலி செய்துவிட்ட புற்று. அங்கே யாரையும் ஏமாற்றத் தேவையில்லை. இங்கே ஆயிரக்கணக்கான காவலர் நடமாடும் வீட்டில், முட்டை வைத்திருக்கும் அறை வரை போக வேண்டும்.

போகும் வழியும் எல்லோருக்கும் ஒன்றில்லை. சில பூச்சிகள் வாசனையைத் தாங்களே தயாரிக்கின்றன. மைக்ரோடான் என்று ஓர் ஈ. அதன் புழு எறும்புக் கூட்டுக்குள் எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளரும். அரைக்கோள வடிவில், தலை எது கால் எது என்றே தெரியாமல் இருக்கும். 1820களில் ஐரோப்பிய அறிஞர்கள் அதை ஓடில்லாத நத்தை வகை என்று நினைத்துப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் புழு தன் எறும்பின் மெழுகைத் தன் உடம்பிலேயே உற்பத்தி செய்கிறது என்று 1990இல் மைக்ரோடான் அல்பிகோமேட்டஸ் என்ற இனத்தில் காட்டினார்கள்.

இன்னும் சில, திருடவும் செய்யாது, தயாரிக்கவும் செய்யாது. உடம்பில் வாசனையே இல்லாமல் இருந்துவிடும். உணர்கொம்பு தட்டினால் படிக்க எதுவும் இருக்காது. கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவரும் எறும்புக் குஞ்சுக்கும் ஆரம்பத்தில் வாசனை மிகக் குறைவு. அதைக் கடித்துவிடக் கூடாது என்பதால் எறும்புகள் வாசனையற்றதை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. அந்தச் சலுகைக்குள் இவை நுழைந்துகொள்கின்றன.

கெங்கேரி தேன்மொழி:

எல்லாமே வாசனைதானா? எறும்புக்குக் கண்ணும் காதும் இல்லையா? பட்டாம்பூச்சிப் புழு ராணி எறும்பு மாதிரி சத்தம் போடும் என்று எங்கோ படித்த ஞாபகம்.

துரஹள்ளி நடராஜன்:

தேன்மொழி, அது உண்மை. வண்ணத்துப்பூச்சி பார்ப்பதுதான் என் விடுமுறை வேலை, அதனால் இந்தப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

நீலன் என்ற சிறு வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்துப் புழுக்களில் நிறைய இனங்களுக்கு எறும்போடு ஏதாவது ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. இதைப் பார்க்க எந்தக் காட்டுக்கும் போக வேண்டாம். பெங்களூருவில் பாதி வீட்டு வாசலில் சைகஸ் செடி இருக்கும். புதுத் தளிர் சுருள் விரியும்போது குனிந்து பாருங்கள். தளிரைக் கொறித்துக்கொண்டு பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ தட்டையான சிறு புழுக்கள் இருக்கும், மேலே எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எறும்பு உணர்கொம்பால் அதன் முதுகின் பின்பகுதியைத் தட்டுகிறது. அங்கே ஒரு சிறு பிளவு, அதிலிருந்து இனிப்பு நீர்ச்சொட்டு எழும்பி நிற்கும். எறும்பு உறிஞ்சியதும் அடங்கிவிடும். அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னக் குழல்கள். சட்டென்று வெளியே நீண்டு உள்ளே போகும், நுனியில் முடிக்கற்றை விரியும். அது நீண்டவுடன் எறும்பு பரபரப்பாகிவிடும். நல்ல லென்ஸ் இருந்தால் இவ்வளவும் தெரியும்.

இதுவரை நேர்மையான வியாபாரம், இனிப்புக்குக் காவல். இந்த உறவு முற்றிப்போன இடத்தில்தான் தேன்மொழி கேட்டது வருகிறது. ஐரோப்பாவில் ஃபெங்காரிஸ் என்ற நீலன்கள். முட்டை செடியில்தான் இடும், புழுவும் கொஞ்ச நாள் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழுந்து காத்திருக்கும். மிர்மிக்கா என்ற சிவப்பெறும்பு வந்து தன் குஞ்சு வழிதவறிக் கிடப்பதாக எண்ணித் தூக்கிக்கொண்டு போய்விடும். கடைசி எடையில் 98 சதவீதத்துக்கும் மேல் அந்தக் கூட்டுக்குள் தின்றுதான் சேர்க்கிறது. அந்தக் குடும்பத்தில் ரெபெலி என்ற வகை, ராணி எறும்பு எழுப்பும் உரசல் ஒலியைப் போலவே ஒலி எழுப்புகிறது. 2009இல் ஒலிப்பதிவு செய்து காட்டிவிட்டார்கள். கூடு கலைந்தால் வேலைக்கார எறும்புகள் தங்கள் குஞ்சுகளுக்கு முன்னால் இந்தப் புழுவைக் காப்பாற்றுகின்றன. பஞ்சம் வந்தால் தங்கள் குஞ்சையே கொன்று இதற்கு ஊட்டுகின்றன.

அதற்கும் மேல் ஒரு படி இருக்கிறது. அந்தப் புழுவைத் தேடி ஒரு குளவி வரும், இக்நியூமான் யூமெரஸ். எறும்புக் கூட்டுக்குள்ளேயே இறங்கும். இறங்கும்போது ஒரு ரசாயனக் கலவையை விடும். எறும்புகள் ஒன்றோடொன்று சண்டை போட ஆரம்பித்துவிடும். அந்த அமளியில் குளவி நேரே போய்ப் புழுவின் உடம்பில் முட்டையிட்டுவிட்டு வெளியேறிவிடும்.

அல்சூர் செல்வராஜ்:

நடராஜன் சார், படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். எறும்பு இவ்வளவு கட்டுக்கோப்பான பிராணி. கோடிக்கணக்கான வருடம் ஆகியும் ஏன் கண்டுபிடிக்கப் பழகவில்லை? தன் பிள்ளையைக் கொன்று திருடனுக்கு ஊட்டுவது இயற்கைக்கே முரணாகத் தெரிகிறதே.

ஹெப்பால் குமரன்:

சார், இந்த இழையில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான்.

காவலை எவ்வளவு இறுக்கலாம் என்று எறும்பின் இடத்திலிருந்து பாருங்கள். கூட்டு வாசனை நிலையாக நிற்பதில்லை. உணவு மாறினால் மாறும், பருவம் மாறினால் மாறும், வெளியே இரை தேடிப் போன எறும்புக்கும் உள்ளேயே கிடக்கும் எறும்புக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். துளி வித்தியாசத்தையும் பொறுக்க மாட்டேன் என்றால் சொந்தச் சகோதரிகளையே கொன்று தீர்க்க வேண்டியதுதான். அந்த நஷ்டம் தினசரி நஷ்டம். நாலு சில்வண்டு கூட்டுக்குள் இருந்துகொண்டு நக்கித் தின்றால் வரும் நஷ்டம் அதோடு ஒப்பிட அற்பம். அதனால் காவலில் ஒரு தளர்வு எப்போதும் இருந்தே தீரும். விருந்தாளிகள் வாழ்வது அந்தத் தளர்வில்.

எறும்புகள் எதிர்ப்பதே இல்லை என்பதும் சரியில்லை. நஷ்டம் பெரிதாக இருக்கும் இடங்களில் எறும்பின் வாசனையும் மாறும், திருடனின் வாசனையும் துரத்திக்கொண்டு மாறும். அந்த ஓட்டம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஜெயநகர் இளங்கோ:

எவ்வளவு காலமாக நடக்கிறது என்பதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது, நான் நிலவியல் ஆள். குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் ஆம்பர் கிடைக்கிறது, அதாவது பழங்கால மரப்பிசின் இறுகியது. காம்பே ஆம்பர் என்பார்கள். சுமார் 5.2 கோடி வருடப் பழமை. அதற்குள் ஒரு குட்டி வண்டு அகப்பட்டது. 2014இல் புரோட்டோகிளாவிகர் என்று பெயரிட்டார்கள். எறும்பு வீட்டு விருந்தாளிகளாக இன்றும் வாழும் ஒரு வண்டுக் கூட்டத்தின் மூதாதை நிலை அது. எறும்பு நக்குவதற்கென்றே உள்ள மயிர்க்கற்றைகள் அதற்கு அப்போதே இருக்கின்றன. ஆனால் இன்றைய வண்டுகளில் ஒன்றாக ஒட்டிப்போன வயிற்றுக் கண்டங்கள் அதில் இன்னும் தனித்தனியாக இருக்கின்றன. உடம்பு பாதி மாறிய நிலையில் பிசினில் மாட்டிக்கொண்டது.

2019இல் இன்னும் பழையது வந்தது. மியான்மர் ஆம்பரில் புரோமிர்மிஸ்டர் என்ற வண்டு, 9.9 கோடி வருடம். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எறும்புப் புதைபடிவமே சுமார் 11.3 கோடி வருடம்தான். எறும்பு கூட்டமாக வாழத் தொடங்கிய கையோடு விருந்தாளியும் வந்து உட்கார்ந்துவிட்டான். இத்தனை கோடி வருடம் ஒரு தடவைகூட எறும்பு கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஹெப்பால் குமரன்:

இளங்கோ, காம்பே வண்டைச் சொன்னதற்கு மிக்க நன்றி, நம் நாட்டில் கிடைத்த பொருள் என்று பலருக்குத் தெரியாது. கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எறும்பு அடிக்கடி கண்டுகொள்கிறது. கண்டுகொண்ட பிறகு உயிரோடு இருப்பது எப்படி என்பதில்தான் பாதி வித்தை.

நெருப்பெறும்புக் கூட்டில் ஒரு சாண வண்டுக் குடும்பத்து ஆள் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அடிதான். காலையும் உணர்கொம்பையும் மடக்கி, கடினமான ஓட்டுக்குள் செத்த மாதிரி கிடக்கும். எறும்பு கடித்துக் கடித்து ஓய்ந்துபோகும். அப்படிக் கிடக்கும்போதே கூட்டு வாசனை அதன் மேல் ஏறிவிடுகிறது. பிறகு எழுந்து நடந்தால் யாரும் கேட்பதில்லை. அந்த வண்டைத் தனியாக எடுத்து இரண்டு வாரம் வைத்தால் ஏறிய வாசனை போய்விடுகிறது என்று 1982இல் வாண்டர் மீர், வோஜிக் இருவரும் சோதித்துக் காட்டினார்கள்.

அதற்கு நேர் எதிர் ஐரோப்பாவின் லோமெகூசா வகை வண்டு. ஒளியவே ஒளியாது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹோல்டோப்லர் 1960களின் கடைசியில் இதை வரிசையாகப் பார்த்து எழுதினார். வண்டு எறும்பிடம் தானே போகிறது, தட்டுகிறது. எறும்பு முறைத்தால் வயிற்று நுனியை வளைத்து நீட்டுகிறது. அங்கே உள்ள சுரப்பியின் நீரை நக்கியதும் எறும்பின் கோபம் தணிகிறது. அப்புறம் வண்டின் விலாப்புறம் நகர்ந்து அங்குள்ள சுரப்பிகளை நக்குகிறது. அதன்பின் வண்டைக் கவ்வி நேரே குஞ்சுகள் இருக்கும் அறைக்குத் தூக்கிப்போகிறது. அங்கே அது எறும்புக் குஞ்சுகளைத் தின்கிறது. ஒரு வகை, கோடையில் ஃபார்மிக்கா எறும்பு வீட்டிலும் குளிர்காலத்தில் மிர்மிக்கா வீட்டிலும் இருக்கும். காரணம், குளிர்காலத்தில் மிர்மிக்காவிடம்தான் குஞ்சு இருக்கும்.

கெங்கேரி தேன்மொழி:

இங்கே மழை விட்டதும் கறுப்பு எறும்புகள் அகலமான ஊர்வலமாகப் போகுமே, அதற்குள்ளும் இப்படி யாராவது நடந்துபோவார்களா?

ஹெப்பால் குமரன்:

அது லெப்டோஜெனிஸ் எறும்பாக இருக்கும். பெங்களூருவில் ஊர்வலம் போகும் இனம் அந்தப் பேரினம்தான். அதன் மலேசிய உறவுக்கார எறும்பிடம் ராமபாணப் பூச்சி ஒன்று வாழ்கிறது. நம் பழைய புத்தக அலமாரியில் ஓடும் பூச்சியின் சொந்தம். எறும்பின் மேல் ஏறித் தேய்த்து வாசனை எடுத்துக்கொள்கிறது. எறும்பிடமிருந்து பிரித்து வைத்துத் திரும்ப விட்டால் முன்னைவிட அதிகமாக அடி வாங்குகிறது. இங்கேயும் ஊர்வலம் போனால் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எறும்பின் நடையில் இல்லாத ஒரு நடை தெரிந்தால் அதைத் தொடருங்கள்.

ஊர்வலம் என்றதும் கோஸ்டா ரிக்காவின் படையெறும்பு ஞாபகம் வருகிறது. இரவில் கூடு மாறிக்கொண்டே இருக்கும் எறும்பு அது. நிம்ஃபிஸ்டர் குரோனாவேரி என்ற வண்டு, 2017இல் விவரிக்கப்பட்டது, ஓர் எறும்பின் இடுப்பைத் தாடையால் கவ்விக்கொண்டு கூடவே போகிறது. நிறம், அளவு, பளபளப்பு எல்லாம் எறும்பின் வயிறு போலவே. மேலிருந்து பார்த்தால் எறும்புக்கு இரண்டு வயிறு இருப்பதாகத் தெரியும்.

துரஹள்ளி நடராஜன்:

மீனா அக்காவின் இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டோம். அதற்கு இங்கிலாந்துக் கதை ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பெரிய நீலன், ஃபெங்காரிஸ் ஏரியான், 1979இல் அழிந்தே போனது. அதற்கு முன் பூச்சி பிடிப்பவர்கள்தான் காரணம் என்று வேலியெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் உட்கார்ந்து கவனித்துக் காரணத்தைக் கண்டார். அந்தப் புழுவுக்கு மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஒரே எறும்பு வீடுதான் ஒத்துவரும். அந்த எறும்புக்கு வெயில் படும் சூடான மண் வேண்டும். 1950களில் முயல்களுக்கு நோய் வந்து செத்தன, மேய்ச்சலும் குறைந்தது, புல் வளர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போனது. வேலி போட்டதால் மேய்ச்சல் நின்று இன்னும் மோசமானது. பிறகு புல்லை மேயவிட்டு, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அங்கே பறக்கிறது.

நம் பக்கம் இலந்தைப் புதரில் வாலைத் தூக்கும் எறும்போடு சேர்ந்து வாழும் சில்வர்லைன் வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. மாமரத்து முசுறுக் கூட்டுக்குள் எறும்புக் குஞ்சைத் தின்று வளரும் லிஃபைரா இருக்கிறது. அதன் புழுவுக்குக் கவசம் மாதிரி தோல். வெளிவரும் பூச்சியின் மேல் ஒட்டாத செதில்கள்; கடிக்க வரும் முசுறின் வாயில் செதில்தான் மாட்டும். முசுறுக் கூட்டை வெட்டி எரித்தால் இதுவும் சேர்ந்து எரியும். பூங்காவிலும் காலி மனையிலும் புதரைச் சுத்தம் என்ற பெயரில் வழிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஹெப்பால் குமரன்:

நடராஜன் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் மீனா மேடம் வீட்டு எறும்பு வேறு மாதிரி. மஞ்சள் பைத்தியக்கார எறும்பு பெருகினால் தொல்லைதான். கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. திண்டுக்கல் நத்தம் பக்கம் கரந்தமலைக் கிராமங்கள் 2022இல் பட்ட பாடு செய்தியில் வந்தது. அதனால் எறும்பை வளர்க்கச் சொல்ல மாட்டேன்.

மருந்து வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. மாடியில் தெளித்தால் வெளியே திரியும் எறும்பு சாகும், ராணி தொட்டிக்கடியில் இருக்கும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். நடுவில் சாவது மண்ணிலுள்ள மற்றவை, உங்கள் கறிவேப்பிலைக்கு வரும் பூச்சிகளும் சேர்த்து. எறும்பு ஏன் மாடிக்கு ஏறியது என்று பாருங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருக்கிறதா? அதன் இனிப்புக் கழிவுக்குத்தான் பெரும்பாலும் வரும். தண்ணீரைப் பீய்ச்சி மாவுப்பூச்சியைக் கழுவுங்கள், லேசான சோப்புக் கரைசல் போதும். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து அடியில் ஈரம் நிற்காமல் செய்யுங்கள். எறும்பு தானே குறையும்.

அதற்கு முன் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். சில்வண்டின் நெஞ்சுப் பகுதியில் குறுக்கே வெள்ளைப் பட்டை இருக்கிறதா?

பனசங்கரி மீனா:

செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி, குமரன். இன்று காலை கழுவிவிட்டேன். அசோசியேஷன் செயலாளரிடம் இந்தக் காரணத்தையே சொன்னேன். ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

தொட்டியை இன்னொரு முறை மெல்லச் சாய்த்தேன். தோளுக்குக் கீழே வெளிறிய பட்டை ஒன்று தெளிவாக இருக்கிறது.

ஹெப்பால் குமரன்:

அப்படியானால் அநேகமாக மிர்மெகோஃபிலஸ் அல்பிசிங்டஸ். மஞ்சள் பைத்தியக்கார எறும்போடு மட்டும் ஒட்டி வாழ்வது. ஜப்பானிய ஆய்வாளர்கள் பார்த்ததில், மற்றச் சில்வண்டுகள் சிந்தியதைப் பொறுக்கித் தின்று ஓடிக்கொண்டிருக்க, இது எறும்பின் வாயிலிருந்தே உணவு வாங்குகிறது. எறும்பு இல்லாமல் அதிக நாள் தாங்காது. டப்பாவில் பிடித்து வைக்க வேண்டாம்.

ஊட்டுவதைப் பார்க்க ஆசை இருந்தால் தொட்டிக்கடியில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, அதன் மேல் கறுப்புத் துணி போட்டுவிடுங்கள். கூடு கண்ணாடியை ஒட்டி அமைந்ததும் இருட்டிய பிறகு துணியை எடுத்து, டார்ச் முகப்பில் சிவப்பு செல்லோபேன் கட்டிப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் எறும்புக்கு அவ்வளவாகத் தெரியாது, கலையாது.

கெங்கேரி தேன்மொழி:

மீனா அக்கா, பார்க்கும்போது நானும் வரலாமா? போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் என்னிடம் இருக்கிறது.

பனசங்கரி மீனா:

தாராளமாக வா தேன்மொழி. கண்ணாடி இன்றே வைக்கிறேன். கூடு ஒட்டியதும் இங்கேயே எழுதுகிறேன். நடராஜன் சாரும் செல்வராஜ் சாரும் வருவதென்றால் சொல்லுங்கள், எங்கள் வாசலிலும் சைகஸ் இருக்கிறது, இப்போது தளிர் விட்டிருக்கிறது.